செத்த சர்வருக்குப் பச்சை விளக்கு: ஓர் எக்கோ வரி செய்த வேலை

சிங்கப்பூரில் தை செங் பக்கம் ஓர் அலுவலகத்தில் இரவுப் பணி. மூன்று வெப் சர்வர்கள், முன்னால் எஃப்5 பிக்-ஐபி என்ற லோட் பேலன்சர்: வரும் கோரிக்கைகளை உயிரோடு இருக்கும் சர்வர்களுக்குப் பிரித்து அனுப்பும் கருவி. விடிகாலை இரண்டு மணிக்குப் புகார் வந்தது: பக்கம் ஒருமுறை திறக்கிறது, மறுமுறை திறக்கவில்லை. லோட் பேலன்சரில் பார்த்தால் மூன்றுமே பச்சை. இரண்டாவது சர்வருக்குள் போய்ப் பார்த்தேன். அப்ளிகேஷன் ஓடவே இல்லை.

ஒரு வாரம் முன்புதான் வழக்கமான எச்டிடிபி சோதனையை எடுத்துவிட்டு நானே எழுதிய ஸ்கிரிப்டைப் போட்டிருந்தேன். டேட்டாபேஸ் இணைப்புகள் தீர்ந்துபோன சர்வரும் முகப்புப் பக்கத்துக்கு 200 (எல்லாம் சரி) என்றே பதில் சொல்லிக்கொண்டிருந்ததால் வந்த மாற்றம் அது. சின்னதாக ஒரு குவெரி (டேட்டாபேஸிடம் ஒரு கேள்வி) ஓட்டி, விடை சரியாக வந்தால் மட்டும் 'அப்' என்று அச்சிட வேண்டும். எழுதும்போது எதுவரை ஓடுகிறது என்று தெரிய, முதல் வரியில் 'சோதனை தொடங்கியது' என்று அச்சிடும் ஓர் எக்கோ கட்டளை போட்டேன். அதை எடுக்காமல் விட்டுவிட்டேன்.

வெளி ஸ்கிரிப்ட் என்ன எழுதுகிறது என்று பிக்-ஐபி படிப்பதில்லை. ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில், அதாவது ஸ்கிரிப்ட் அச்சிடும் இடத்தில், எது வந்தாலும் சர்வர் உயிரோடு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளும். 'டவுன்' என்று எழுதினாலும் அப்தான்! ஒன்றுமே வராமல் டைம்அவுட் கடந்தால்தான் சிவப்பு. அந்த வரியை அழித்துவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் அமைப்பில் 5 நொடி இடைவெளி, 16 நொடி டைம்அவுட். அந்தப் பதினாறு நொடியும் மூச்சு விடவில்லை. இரண்டாவது சர்வர் சிவப்பானது, புகாரும் நின்றது.

இப்போது பிழை தேடும் செய்தியெல்லாம் லாக்கர் கட்டளை வழியாக சிஸ்லாக் என்ற பதிவேட்டுக்கே போகிறது. அப்புறம் இன்னொன்று: பிக்-ஐபி ஸ்கிரிப்டுக்குத் தரும் சர்வரின் ஐபி முகவரி முன்னால் '::ffff:' ஒட்டிக்கொண்டு வரும், அதை வெட்டிவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

செங்காங்கிலிருந்து:
அண்ணா, எனக்கு நேர்மாறாக நடந்தது. எச்ஏபிராக்ஸி என்ற வேறொரு லோட் பேலன்சரில் எக்ஸ்டர்னல்-செக், அதாவது நாமே எழுதும் சோதனை ஸ்கிரிப்ட். அங்கே அச்சிடுவது கணக்கில்லை, ஸ்கிரிப்ட் முடியும்போது தரும் எண்ணான எக்ஸிட் கோட் 0 என்றால் அப், வேறு எதுவென்றாலும் தோல்வி. கையால் ஓட்டினால் ஸ்கிரிப்ட் அருமையாக ஓடியது. எச்ஏபிராக்ஸி ஓட்டியதும் எல்லாச் சர்வரும் டவுன். அரை நாள் தேடினேன். ஸ்கிரிப்டுக்குக் கிடைக்கும் பாத் (கட்டளைகளை எந்த இடங்களில் தேடுவது என்ற பட்டியல்), நாம் எதுவும் கொடுக்காவிட்டால் வெறுமையாகவே இருக்குமாம். பக்கத்தைக் கேட்டுப் பார்க்கும் கர்ல் கட்டளை எங்கே என்றே அதற்குத் தெரியவில்லை. எக்ஸ்டர்னல்-செக் பாத் என்று ஒரு வரி சேர்த்ததும் சரியாகிவிட்டது.

தோ பாயோவிலிருந்து:
தம்பி, உங்கள் குவெரிதான் எனக்குக் கவலை தருகிறது. மூன்று சர்வரும் கேட்பது ஒரே டேட்டாபேஸைத்தானே? அது கொஞ்சம் மெதுவானால் மூன்றும் சேர்ந்து சிவப்பாகிவிடும். எங்களுக்கு அப்படித்தான் ஒரு தீபாவளி முந்தைய நாள் இரவு முழுச் சேவையும் போனது. டேட்டாபேஸ் தாமதமாகத்தான் இருந்தது, விழவில்லை. எல்லாவற்றையும் வெளியே தள்ளியது நாங்கள் எழுதிய சோதனைதான். ஒரு சர்வருக்கு மட்டும் வரக்கூடிய கோளாறை லோட் பேலன்சர் பார்க்கட்டும். பொதுவான டேட்டாபேஸுக்குத் தனியாக எச்சரிக்கை வையுங்கள்.

முதலில் எழுதியவர்:
உண்மைதான் அண்ணே. எனக்கு வேண்டியது அந்தச் சர்வரின் இணைப்புக் குளத்தில் (டேட்டாபேஸுக்காக அது திறந்து வைத்திருக்கும் இணைப்புகளில்) இடம் இருக்கிறதா என்பது மட்டும். குவெரியை எடுத்துவிட்டு அதைக் கேட்கும்படி மாற்றுகிறேன், நாளை இரவே.