'டேபிள் இட்' என்றால் இப்போது பேசுவதா, தள்ளிப்போடுவதா?

கேள்வி: லண்டன், சிகாகோ கிளையன்ட்டுகள் சேர்ந்திருந்த கான்ஃபரன்ஸ் காலில் ஒருவர் 'லெட்ஸ் டேபிள் இட்' என்றார். மினிட்ஸில் (கூட்டக் குறிப்பில்) என்னவென்று எழுதுவது?

பதில் 1: யார் சொன்னார் என்று பாருங்கள். பிரிட்டிஷ்காரர் என்றால், விவாதத்துக்கு எடுப்போம். அமெரிக்கர் என்றால், ஒத்திவைப்போம். நேர் எதிர்! இரண்டாம் உலகப் போரின்போது இரு நாட்டு அதிகாரிகளும் இந்தச் சொல்லால் நெடுநேரம் மோதிக்கொண்டதை சர்ச்சில் தன் போர் நினைவுகளில் எழுதியிருக்கிறார்.

கேட்டவர்: சொன்னது சிகாகோக்காரர்தான். 'பால்பார்க் ஃபிகர்' ஒன்றும் அனுப்பச் சொன்னார்.

பதில் 2: அது பேஸ்பால் மைதானத்திலிருந்து வந்தது, தோராயத் தொகை போதும். ஆனால் 'இது இறுதி விலை அல்ல' என்று மெயிலில் கட்டாயம் ஒரு வரி சேருங்கள். இல்லாவிட்டால் அப்புறம் அதையே பிடித்துக்கொண்டு பேரம் பேசுவார்கள்.

பதில் 1: மினிட்ஸில் அந்தச் சொல்லே வேண்டாம். 'போஸ்ட்போன்டு' என்று போடுங்கள், லண்டன்காரருக்கும் குழப்பம் வராது.