அந்த ஒரு பச்சைச் சீட்டு: தேர்தல் வேலைக்குப் போனவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பச்சைச் சீட்டு:
2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தல். எண்ணிக்கை 2020 ஜனவரி 2. வெள்ளை, இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று நாலு நிறச் சீட்டையும் ஒரே பெட்டியிலிருந்து கொட்டிப் பிரித்த கதை இங்கே பலருக்குத் தெரிந்திருக்கும். நான் ஒன்றிய அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். என் மேஜைக்கு வந்தது பச்சை, அதாவது ஒன்றியக் கவுன்சிலர்.

இரவு ஒரு மணி இருக்கும். ஒரு சீட்டில் இரண்டு இடத்தில் முத்திரை. ஒன்று அழுத்தமாக, இன்னொன்று மங்கலாக. ஈரம் காய்வதற்குள் மடித்துவிட்டார் வாக்காளர், அவ்வளவுதான். அந்த முத்திரையின் அம்புகள் எந்தப் பக்கம் சுழல்கின்றன என்று பார்த்தாலே எது அசல், எது மடிப்பில் ஒட்டியது என்று தெரிந்துவிடும். ஒட்டியது கண்ணாடியில் பார்த்ததுபோலத் தலைகீழாகச் சுழலும். நான் விரலை வைத்துக் காட்டினேன். மேலதிகாரி குனிந்துகூடப் பார்க்கவில்லை. "செல்லாததுல போடுப்பா, நேரமாச்சு" என்றார். போட்டேன்.

வித்தியாசம் ஒற்றை இலக்கம். அந்த ஒரு சீட்டு முடிவை மாற்றியிருக்காது என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் என் லீவுக்கும் இன்கிரிமென்ட்டுக்கும் கையெழுத்துப் போடுகிறவர்தான் அன்றைக்குத் தேர்தல் அதிகாரி, அவரை எதிர்த்து நான் என்ன பேச? நாங்கள் எண்ணிய ஓட்டில் ஜெயித்தவர்கள் 6ஆம் தேதி பதவியேற்று, அவர்களில் ஒருவர் 11ஆம் தேதி எங்கள் ஆபீசிலேயே சேர்மனாக உட்கார்ந்தார். யாருக்காவது இப்படி ஒரு இரவு இருந்திருந்தால் எழுதுங்கள்.

மண்டலம் 14:
தம்பி, உள்ளாட்சியை வைத்து மொத்தத் தேர்தலையும் எடை போடாதீர்கள். சட்டமன்றம், நாடாளுமன்றம் வேறு கதை. யாரை எங்கே போடுவது என்று கணினிக் குலுக்கல் மூன்று தடவை நடக்கும். எந்த பூத் என்பதே முந்தைய நாள் பொருள் வாங்கும் இடத்தில்தான் தெரியும். சொந்தத் தொகுதியும் கிடையாது, வேலை பார்க்கும் தொகுதியும் கிடையாது. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 28ஏ படி அந்த நாட்களில் நாம் தேர்தல் ஆணையத்தின் ஆட்கள், அவர்கள் கட்டுப்பாட்டில்தான் இருக்கிறோம். நான் தாசில்தார் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றவன், மண்டல அலுவலராகவும் இருந்திருக்கிறேன்.

என் மனதில் நிற்பது 2021 ஏப்ரல் 6. காலை ஒன்பதரைக்கு ஒரு பூத்தில் நுழைகிறேன். தலைமை அலுவலர் ஒரு டீச்சர். எந்திரத்தில் 'டோட்டல்' பட்டனை அழுத்துகிறார், ஓட்டுப் போட வந்தவர்களைப் பதியும் 17ஏ பதிவேட்டைப் பார்க்கிறார், மறுபடி அழுத்துகிறார். சரியாக 50 அதிகம். காலையில் ஏஜென்ட்டுகள் முன்னால் எந்திரத்தைச் சோதித்த மாதிரி வாக்குப்பதிவின் 50 ஓட்டையும் அழிக்காமலே சீல் வைத்துவிட்டார்! முகம் வெளுத்துவிட்டது. "சார், என் வேலை போயிடுமா?" என்றுதான் முதலில் கேட்டார். அந்த எந்திரத்தைத் தனியாக ஒதுக்கினார்கள். வெற்றி வித்தியாசம் பெரிதாக இருந்ததால் அதைத் தொடவேண்டிய அவசியமே வரவில்லை.

அவரை யார் நியமித்தார்கள் என்பதா அங்கே பிரச்சினை? ஒரு ஹாலில் நானூறு பேரை உட்கார வைத்து, மேடையில் ஒரே ஒரு எந்திரத்தைக் காட்டிப் பயிற்சி முடிந்தது என்று கையெழுத்து வாங்கினோமே, அது. அதனால் இனிமேல் டூட்டிக்குப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: 'குளோஸ், ரிசல்ட், கிளியர்' மூன்றையும் உள்ளங்கையில் எழுதிக்கொள்ளுங்கள். ஏஜென்ட்டுகளுக்கு டோட்டல் பூஜ்யம் என்று காட்டிய பிறகே பச்சைத்தாள் சீலில் கை வையுங்கள். டைரியை அப்போதைக்கப்போது எழுதுங்கள், ராத்திரி மொத்தமாக எழுதினால் கணக்கு உதைக்கும். பதிவான ஓட்டுக் கணக்கான 17சி படிவத்தின் நகலை ஏஜென்ட் கேட்காவிட்டாலும் கூப்பிட்டுக் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். நேரம் முடிந்தும் வரிசை இருந்தால் டோக்கனைக் கடைசி ஆளிலிருந்து முன்பக்கமாகக் கொடுத்து வாருங்கள், முன்னாலிருந்து ஆரம்பித்தால் வால் நீண்டுகொண்டே போகும்.

அங்கன்வாடி அக்கா:
பயிற்சியாவது கொடுத்தார்களே சார் உங்களுக்கு.

நான் பி.எல்.ஓ., அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலர். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் தீவிரத் திருத்தம் ஆரம்பித்தபோது வீடு வீடாகப் படிவம் கொடுத்தேன். காலையில் மையத்தில் பிள்ளைகள், சாயங்காலம் தெருத் தெருவாக. ஒரு வீட்டில் பெரியவர் படிவத்தைக் கையில் வாங்கவே இல்லை. "உன்னை யாரும்மா அனுப்பினது?" என்றார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. ஆர்டரில் கையெழுத்து வருவாய்த் துறை. சம்பளம் சமூக நலத் துறை. இன்றைக்கு எத்தனை முடித்தாய் என்று வாட்ஸ்அப்பில் கேட்பது நகராட்சி. பெயர் மட்டும் தேர்தல் ஆணையம். "எல்லாரும் சேர்ந்துதான் ஐயா" என்றேன். அவர் சிரித்துவிட்டு உள்ளே போய் 2002 வாக்காளர் பட்டியலில் தன் பெயர் இருக்கும் பக்கத்தைக் கொண்டுவந்து கொடுத்தார்.

வருடத்துக்கு 6,000 ஆக இருந்த மதிப்பூதியத்தை அந்த வருடம்தான் 12,000 ஆக்கினார்கள். செருப்பு இரண்டு ஜோடி தேய்ந்தது, அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

நடுவரிசை:
நான் வங்கி ஊழியன். ஒரு முறை பூத்தில் நடப்பதைக் கவனித்து எழுதும் நுண்பார்வையாளராகப் போனேன், பூத்தில் மூலையில் உட்கார்ந்து படிவம் நிரப்பினேன், அவ்வளவுதான் என் கதை. ஆனால் மண்டலம் 14 சொன்னதை அப்படியே விடமுடியவில்லை.

யார் நியமித்தார்கள் என்பது பிரச்சினையே இல்லையா? ஆணையத்தின் தலையை யார் நியமிக்கிறார்கள் என்று பாருங்கள். 2022 நவம்பரில் ஐ.ஏ.எஸ். அதிகாரி அருண் கோயல் விருப்ப ஓய்வு பெற்றதும் கையோடு தேர்தல் ஆணையர் ஆனார். கோப்பு ஒரே நாளில் எல்லா மேஜையையும் கடந்துவிட்டதே என்று உச்ச நீதிமன்றமே கேட்டது. 2023 மார்ச் 2 அன்று அனூப் பரன்வால் வழக்கில், நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவரும் வரைக்கும் பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர், தலைமை நீதிபதி மூவரும் சேர்ந்து தேர்தல் ஆணையர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றது. டிசம்பரில் சட்டம் வந்தது. தலைமை நீதிபதி இருந்த இடத்தில் பிரதமர் கைகாட்டும் ஒரு மத்திய அமைச்சர். மூன்றில் இரண்டு ஓட்டு எப்போதும் ஒரே பக்கம். 2024 மார்ச்சில் கூட்டத்துக்கு முந்தைய இரவு 212 பெயர் உள்ள பட்டியலை அனுப்பினார்கள் என்று அந்தக் குழுவில் எதிர்க்கட்சித் தரப்பில் இருந்த காங்கிரசின் அதிர் ரஞ்சன் சவுத்ரி சொன்னார். ஒரே ராத்திரியில் 212 பேரை என்னவென்று படிப்பது?

பச்சைச் சீட்டுக்கு: உங்களுடையது இந்தியத் தேர்தல் ஆணையத்தின் கீழ் வராது, மாநிலத் தேர்தல் ஆணையம். அரசியலமைப்பின் பிரிவு 243கே, ஆளுநர் நியமனம். கோவாவில் சட்டத்துறைச் செயலாளரையே கூடுதல் பொறுப்பாக மாநிலத் தேர்தல் ஆணையர் ஆக்கியதை 2021இல் உச்ச நீதிமன்றம் கண்டித்தது. அரசு வேலையில் இருப்பவருக்கு அந்தப் பதவியைத் தரக்கூடாது என்றது. அதே நியாயத்தைக் கீழேயும் கொண்டுவாருங்கள் என்கிறேன். ஒன்றியத் தேர்தலை அந்த ஒன்றிய ஆபீஸ் ஆட்களே நடத்தக்கூடாது. பக்கத்து மாவட்டத்து ஆட்களை வரவழைக்கட்டும். செலவு ஆகும், ஆகட்டும்.

மண்டலம் 14:
பக்கத்து மாவட்டத்துக்காரருக்கு வார்டு எல்லை தெரியுமா? அவர் வந்து உட்கார்ந்தால் பெட்டி விடிந்தும் திறக்காது. நீங்கள் மூலையில் உட்கார்ந்து படிவம் நிரப்பியவர் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

குவீன்ஸ்வாசி:
நியூயார்க்கிலிருந்து எழுதுகிறேன். இங்கே நடுநிலை என்ற பேச்சே கிடையாது. நகரத் தேர்தல் வாரியத்தில் பத்து கமிஷனர்கள், ஐந்து பகுதிக்கும் கட்சிக்கு ஒருவர். கட்சியின் உள்ளூர்க் கமிட்டி சொல்லும் பெயரைத்தான் நகர மன்றம் நியமிக்கும். பூத்தில் வேலை செய்கிறவர்களும் இரு கட்சியிலிருந்தும் சரிபாதி.

போய்ச் சேர வேண்டியது காலை ஐந்து மணிக்கு, ஓட்டு முடிவது இரவு ஒன்பதுக்கு. ஒரு பெரியவர் கண் தெரியவில்லை, உதவி வேண்டும் என்றார். அப்படிக் கேட்டால் இரு கட்சியிலிருந்தும் ஒவ்வொருவர் சேர்ந்துதான் போகவேண்டும். நானும் எதிர்க்கட்சி ஆளும் இரண்டு பக்கமும் குனிந்து நின்றோம். பேனா அவர் கையில். பெரியவர் சொன்ன பெயர் அவருடைய கட்சி இல்லை. ஒரு நொடி. அப்புறம் அந்த வட்டத்தை ஓரம் விடாமல், பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி முழுசாக நிரப்பினார். நான் பார்த்துக்கொண்டிருந்ததால் நிரப்பினாரா, இல்லாவிட்டாலும் நிரப்பியிருப்பாரா என்று இன்னும் எனக்குத் தெரியாது.

இந்த முறை ஒசத்தி என்று சொல்ல வரவில்லை. எந்தக் கட்சியிலும் பதியாதவர்களுக்கு அந்தப் பத்து நாற்காலியில் இடம் இல்லை.

கணக்குப்பிள்ளை:
எல்லாரும் சட்டம் பேசிவிட்டீர்கள், ஒன்றை விட்டுவிட்டீர்கள். தோற்ற தரப்பின் ஏஜென்ட் மறுஎண்ணிக்கை கேட்டாரா? முடிவு அறிவிக்கும் முன்னால் எழுத்தில் கேட்டால்தான் செல்லும். அறிவித்துவிட்டால் கோர்ட்தான்.

பச்சைச் சீட்டு:
கேட்டார் சார். வாயால் கேட்டார், எழுதிக் கொடுங்கள் என்றார்கள். அவரிடம் பேனா இல்லை, என்னிடம்தான் வாங்கினார். என் மேஜை ஓரத்திலேயே குனிந்து, 'ஐயா' என்று ஆரம்பித்து நாலு வரி எழுதியிருப்பார். மைக்கில் முடிவைச் சொல்லிவிட்டார்கள். பேனாவை மூடி போட்டு, "நன்றி தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.