அப்பாவுக்குக் கண்டியில் பைபாஸ்: திருகோணமலையில் இருந்து போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

சாம்பல்தீவு மகள்

வணக்கம். அப்பாவுக்கு வயது 63. இதயத்தின் மூன்று குழாய்களில் அடைப்பு என்று அஞ்சியோகிராமில் தெரிந்து, கண்டி ஆஸ்பத்திரியில் பைபாஸ் செய்ய ஓகஸ்ட் நடுப்பகுதிக்குத் திகதி தந்திருக்கிறார்கள். இன்னும் மூன்று கிழமை இருக்கிறது.

அப்பா நாற்பது வருடமாகக் கடலுக்குப் போனவர். கண்டிக்கு வாழ்நாளில் இரண்டு தடவைதான் போயிருக்கிறார். நானும் அம்மாவும் கூடப் போகிறோம், தம்பி கட்டாரில். எங்கள் மூவருக்கும் சிங்களம் தட்டுத்தடுமாறித்தான் வரும். ஒப்பரேஷனைப் பற்றி டொக்டர் பொறுமையாக விளங்கப்படுத்தினார், அதில் பயம் கொஞ்சம் குறைந்தது. மற்றதெல்லாம்தான் தெரியவில்லை. என்ன கொண்டு போவது, எங்கே தங்குவது, வெட்டித் தைத்த நெஞ்சோடு 180 கிலோமீட்டர் எப்படித் திரும்பி வருவது? வீட்டில் கிணற்றுக் குளிப்பு, குந்தி இருக்கிற கக்கூஸ். அப்பா பகலில் சிரித்துப் பேசுகிறார், இரவில் "என்னைத் தனிய விட்டிட்டு வந்திடாதேங்கோ" என்கிறார். போய் வந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.

உப்புவெளி மாஸ்டர்

பிள்ளை, எனக்கும் கண்டியில்தான் நெஞ்சைத் திறந்தார்கள். அப்போது எனக்கு 61. இன்று காலையும் நடந்துவிட்டு வந்துதான் இதை எழுதுகிறேன். அதை முதலில் அப்பாவிடம் சொல்லுங்கள்.

முதலில் அறை. ஓகஸ்ட் என்றால் பெரஹெர காலம், தலதா மாளிகை ஊர்வலம். அந்த நாட்களில் கண்டியில் அறை கிடைப்பது கஷ்டம், வாடகையும் ஏறும், பின்னேரத்தில் வீதிகளையும் மூடுவார்கள். ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரத்தில் இந்தக் கிழமையே ஒரு அறை பேசிவிடுங்கள். குறித்த நாளில்தான் செய்வார்கள் என்றும் நம்பி இருக்க வேண்டாம். அவசர நோயாளி வந்தால் நம்முடையது பின்னுக்குப் போகும். எனக்கு இரண்டு தரம் போனது. கைக்காசை அதற்கும் சேர்த்துக் கணக்குப் பண்ணுங்கள்.

உடுப்பு விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் அதில்தான் நான் முதலில் கஷ்டப்பட்டேன். நடுநெஞ்செலும்பை அறுத்து, பிறகு கம்பியால் கட்டி இருப்பார்கள். கையைத் தலைக்கு மேலே தூக்கி பெனியன் போட முடியாது. முன்பக்கம் பொத்தான் வைத்த தளர்வான சேர்ட் நாலும் சாரமும் போதும். ஒரு சின்னத் தலையணையும் கொண்டு போங்கள். இருமல் வரும்போது அதை நெஞ்சோடு இறுக்கிக் கட்டிப்பிடித்தால் வலி பாதியாகும். மூன்று பந்து உள்ள ஒரு பிளாஸ்டிக் கருவி தந்து, மூச்சை உள்ளே இழுத்துப் பந்துகளை மேலே எழுப்பச் சொல்வார்கள். சளி கட்டாமல் இருக்க அதுதான் வழி. எப்படி என்று முன்னாலேயே கேட்டு வைத்து, இப்போதிருந்தே ஆழமாக மூச்சிழுத்துப் பழகினால் நல்லது.

மொழியைப் பற்றி. என் மனைவி ஒரு கொப்பித் தாளில் சிங்களச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதித் தந்தா. தண்ணீருக்கு வதுர. நோகுது என்பதற்கு ரிதெனவா. மூச்செடுக்கக் கஷ்டம் என்றால் ஹுஸ்ம கன்ன அமாருய். தலைச்சுற்றுக்குக் கரகெவில்ல, கக்கூசுக்கு வெசிகிலிய. ஐந்தே ஐந்து. ஐசியூவில் குழாயை எடுத்த பிறகு தொண்டை கரகரத்து, தமிழே சரியாக வராத நேரத்தில் 'வதுர' என்ற ஒரு சொல் வாயில் வந்தது. அந்தப் பக்கம் இருந்த தாதி உடனே ஒரு ஈரப் பஞ்சால் உதட்டை நனைத்துவிட்டா. அவவின் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. உங்கள் அப்பாவைத் தனிய விடுவதாக நினைக்க வேண்டாம் பிள்ளை. ஐசியூவில் இருக்கும் நாட்களில் எப்படியும் உங்களை உள்ளே தங்க விடமாட்டார்கள். அதை அவருக்கு இப்போதே சொல்லி வையுங்கள். கண் விழிக்கும்போது உங்களைக் காணாவிட்டால் பயப்படாமல் இருப்பார்.

இனி நான் விட்ட பிழை. டிக்கெட் வெட்டி ஆஸ்பத்திரியில் இருந்து விட்ட அன்றே வீட்டுக்குப் போக வேண்டும் என்று அடம்பிடித்தேன். வாடகை வான் பிடித்து மத்தியானம் வெளிக்கிட்டோம். மாத்தளை வளைவுகளில் ஒவ்வொரு திருப்பத்துக்கும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டே வந்தேன். இரவுக்கு முன் போய்ச் சேரலாம் என்று நான்தான் டிரைவரை எங்கேயும் நிறுத்த விடவில்லை. ஹபரணை தாண்டும்போது, பைபாஸுக்கு இரத்தக் குழாய் எடுத்த கால் பனங்கிழங்கு மாதிரி விறைத்து வீங்கிவிட்டது. கந்தளாயில் இறங்கி நிற்கவே முடியவில்லை. அடுத்த நாள் இங்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். இரத்தம் கட்டவில்லை, கடவுள் புண்ணியம்.

ஆகவே விட்ட பிறகும் மூன்று நாலு நாள் அந்த அறையிலேயே இருங்கள். காயம் பிரச்சினை தந்தால் ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கும். அப்புறம் விடியற்காலையில் வெளிக்கிட்டு, மணிக்கு ஒருதரம் நிறுத்தி, ஐந்து நிமிடம் நடக்க வையுங்கள். பெல்ட் கட்டாயம் போட வேண்டும், பெல்ட்டுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் அந்தத் தலையணை. வரும் முன், இங்கே மருந்து கட்டவும் தையல் பார்க்கவும் ஒரு கடிதம் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு காயக் கட்டுக்கும் கண்டிக்கு ஓட முடியாது.

வீட்டில் வாளி இழுப்பது, வலை இழுப்பது, என்ஜின் கயிறு இழுப்பது எதுவும் மூன்று மாதத்துக்கு வேண்டாம். பிறகும் டொக்டர் சரி என்றால்தான். கடலுக்குப் போனவருக்கு இதுதான் மிகப் பெரிய தண்டனையாக இருக்கும். குந்தி எழும்பக் கையை ஊன்ற வேண்டி வரும், அதனால் நடுவில் ஓட்டை உள்ள கொமட் கதிரை ஒன்று வாங்கிவிடுங்கள். பின்னேரங்களில் காரணமில்லாமல் அழுகை வரும். எனக்கு ஒரு மாதம் வந்தது. பேரன் பாடம் சொன்னாலும் அழுதேன். மனம் உடைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், பலருக்கும் வருகிறது. ஒரு மாதம் தாண்டியும் குறையாவிட்டால் கிளினிக்கில் சொல்லுங்கள்.

கிண்ணியா றிஸ்வி

தங்கச்சி, எங்கட உம்மாவுக்கும் பைபாஸ்தான். மாஸ்டர் எல்லாம் சொல்லிவிட்டார். நான் இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

அப்பாவுக்குச் சீனி வருத்தம் இருந்தால் இந்த மூன்று கிழமையும் அதைக் கட்டுப்பாட்டில் வைக்கப் பாருங்கள். சீனி கூட இருந்தால் காயம் ஆறச் சுணங்கும், கிருமி பிடிக்கும். உம்மாவுக்குக் கால் காயம் ஒன்றரை மாதம் இழுத்தது அதனால்தான். வந்த பிறகு கருவாட்டை மறக்கச் சொல்லுங்கள். நம்ம ஊரில் அது கஷ்டம்தான், ஆனால் அந்த உப்பு காலிலும் நெஞ்சிலும் நீர் சேர்க்கும். உம்மாவுக்கு ஒரு மாதம் சாப்பாட்டில் ருசியே இல்லை. தேசிக்காய்ப் புளி விட்ட மீன் சொதிதான் இறங்கியது.

மற்றது நீங்களும் அம்மாவும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் முழித்திருக்க வேண்டாம். நானும் வாப்பாவும் அப்படி இருந்து, உம்மா வார்டுக்கு வந்த அன்று வாப்பா மயங்கி விழுந்தார். முறை வைத்துத் தூங்குங்கள். செலவுக்கு ஜனாதிபதி நிதியம் உதவி செய்கிறது, பிரதேச செயலகத்தில் விசாரியுங்கள்.

வார்ட் தங்கை

நான் தாதியாக வேலை செய்கிறேன், கண்டியில் இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன் அக்கா.

போகும் முன் வீட்டில் நெஞ்சு முடியைப் பிளேட்டால் வழிக்க வேண்டாம். சின்ன வெட்டுக்காயங்களால் கிருமி போகும், அதை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்வார்கள். இரத்தம் கட்டாமல் இருக்கத் தரும் கிளோபிடோகிரெல் போன்ற குளிசைகளை எப்போது நிறுத்துவது என்று அவர்களிடமே கேளுங்கள், நீங்களாக ஒருநாளும் நிறுத்தாதீர்கள். அப்பா பீடி, சுருட்டு பிடிப்பவர் என்றால் இன்றே விட வேண்டும். அஞ்சியோகிராம் சீடி, கிளினிக் புத்தகம், குடிக்கும் குளிசைகளின் மட்டைகள் மூன்றும் ஒரே பையில் இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு காய்ச்சல் 38 பாகைக்கு மேல் போனால், காயத்தில் சீழ் வந்தால், அசையும்போது நெஞ்செலும்பு 'டக்' என்று சத்தம் போட்டால், ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி நொந்தால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்கக் கூடாது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள்.

சாம்பல்தீவு மகள்

எல்லோருக்கும் நன்றி. அப்பாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். பீடி என்ற இடத்தில் எழுந்து போய்விட்டார். பிறகு அம்மாவிடம் பீடிக் கட்டைக் கொடுத்து எறியச் சொல்லி இருக்கிறார். அறை பேசிவிட்டோம், பன்னிரண்டு நாளுக்கு. மாஸ்டர், வந்த பிறகு எவ்வளவு நடக்கலாம்? அப்பா கேட்கச் சொன்னார்.

உப்புவெளி மாஸ்டர்

அப்பா கேட்டாரா? சந்தோஷம். முதல் கிழமை வீட்டு முற்றத்துக்குள், ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு மூன்று நாலு தரம். பிறகு கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கூட்டலாம். நடக்கும்போது கதைக்க முடிய வேண்டும், மூச்சு வாங்கினால் அது கூடிவிட்டது. அந்த நேரம் கச்சான் காற்று, அந்தச் சூடான தென்மேற்குக் காற்று, அடிக்கும், ஆகவே காலை ஆறரைக்குள் முடித்துவிடுங்கள். மணலில் வேண்டாம், தார் ரோட்டில் நடக்கட்டும். கோணேசர் கோயில் ஏற்றத்தை நான் பத்தாவது கிழமைதான் ஏறினேன், மூன்று இடத்தில் நின்று நின்று.

வந்து சேர்ந்ததும் இங்கே எழுதுங்கள் பிள்ளை. சாம்பல்தீவு எனக்குச் சைக்கிள் தூரம்தான். காலையில் வந்து அவரோடு நடக்கிறேன்.