ஏ.சி.சி கல்லூரிக் கூடைப்பந்துத் தொடர்: பத்தாம் இடத்தில் நின்ற அணி சாம்பியன் ஆவது முறைதானா?

கேள்வி: சாட்ஸ்வொர்த் ஆசிரியர், டர்பன்

அனைவருக்கும் வணக்கம். நான் சாட்ஸ்வொர்த்தில் ஒரு பள்ளியில் கணிதம் கற்பிக்கிறேன். மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்துப் பயிற்சியும் கொடுத்துவருகிறேன். என் அக்கா மகன் அமெரிக்காவில், வட கரோலினா மாநிலத்தின் ராலி நகரில் படிக்கிறான். 2024 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, "மாமா, இன்றைக்கு மட்டும் தூங்கிவிடாதீர்கள்" என்று கேட்டுக்கொண்டான். ஆட்டம் தொடங்கியபோது இங்கே ஞாயிறு அதிகாலை இரண்டரை மணி. வீட்டார் உறங்க, ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு, அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் என்ற ஏ.சி.சி கூட்டமைப்பின் இறுதி ஆட்டத்தை முழுவதும் பார்த்தேன். லீக் ஆட்டங்களின் முடிவில் பத்தாம் இடத்தில் நின்ற என்.சி. ஸ்டேட் அணி, ஐந்து நாட்களில் ஐந்து ஆட்டங்களை வென்று, முதலிடத்தில் நின்ற நார்த் கரோலினாவை 84–76 என்று வீழ்த்திக் கோப்பையை எடுத்தது. அரையிறுதியில் வர்ஜீனியாவுக்கு எதிராகக் கடைசி நொடியில் விழுந்த மூன்று புள்ளி வீச்சுதான் அந்த அணியைக் கூடுதல் நேரத்துக்கே கொண்டுபோயிருந்தது.

எனக்கு மகிழ்ச்சிதான், ஆனால் மனம் ஒப்பவில்லை. நம் தென்னாப்பிரிக்கப் பிரீமியர் கால்பந்து லீக்கில் லாக் என்ற புள்ளிப் பட்டியலின் உச்சியில் முடிப்பவரே சாம்பியன். நாக்-அவுட் கோப்பைகள் வேறு கணக்கு. அங்கே மட்டும் ஏன் சில நாள் ஆட்டம் ஒரு பருவத்தின் உழைப்பைத் தள்ளிவிட்டுப் பட்டத்தைக் கொண்டுபோகிறது?

இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. சென்ற பருவத்தில் எங்கள் வட்டாரப் பள்ளிகளின் போட்டியில், லீக் ஆட்டங்களில் ஒன்றுகூடத் தோற்காத பெண்கள் அணி ஒன்று அரையிறுதியில் இரண்டு புள்ளியில் தோற்று வெறுங்கையோடு திரும்பியது. அந்த ஆட்டம் எதிரணியின் சொந்தக் கூடத்தில் நடந்தது. அணித் தலைவி காலணி நாடாவைக்கூட அவிழ்க்காமல் அரை மணி நேரம் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். இந்த ஆண்டு விதிகளை எழுதும் குழுவில் நானும் இருக்கிறேன். இந்தத் தொடரின் வரலாறு அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: லெனேசியா வாசகர், ஜோகன்னஸ்பர்க்

ஐயா, நான் வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் நான்கு ஆண்டுகள் படித்தவன். அந்த ஊரில் மார்ச் மாதம் வந்துவிட்டால் இதைத் தவிர வேறு பேச்சு இராது. எனக்குத் தெரிந்தவரை விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த வழக்கம் ஏ.சி.சி-க்கும் மூத்தது. 1920-களின் தொடக்கத்திலேயே சதர்ன் கான்ஃபரன்ஸ் அட்லாண்டாவில் இப்படியொரு தொடரை நடத்திவந்தது. அந்தக் கூட்டமைப்பு மிகவும் பெருத்துவிட்டதால், எல்லோரும் எல்லோரோடும் ஆடுவது நடவாத காரியமாயிற்று. பருவ இறுதியில் ஓரிடத்தில் கூடி ஆடித் தீர்த்துக்கொள்வதே வழியாக இருந்தது. 1953-இல் அதிலிருந்து ஏழு கல்லூரிகள் பிரிந்து ஏ.சி.சி-யைத் தொடங்கின, அதே ஆண்டின் இறுதியில் வர்ஜீனியா எட்டாவதாகச் சேர்ந்தது. எட்டே அணிகள் என்றால் ஒவ்வொன்றும் மற்றதோடு இருமுறை ஆடலாம், ஆகவே நியாயத்துக்காக ஒரு தொடர் தேவைப்படவில்லை. ஆனால் டிக்கெட் வருமானமும் மக்களின் ஆர்வமும் அதைக் கைவிட விடவில்லை. தொடரை வெல்பவரே கூட்டமைப்பின் சாம்பியன் என்பது விதியாகவே எழுதப்பட்டது. ஆகவே தங்கள் கேள்விக்கு நேரான விடை: பட்டம் நாக்-அவுட்டுக்கு உரியது, லீக் ஆட்டங்கள் அதில் யார் யாரோடு மோதுவது என்பதைத் தீர்மானிக்கின்றன, அவ்வளவே.

இதன் பின்னால் நின்றவர்களில் முதன்மையானவர் எவரெட் கேஸ். உயர்நிலைப் பள்ளிக் கூடைப்பந்தில் ஊரே திரளும் இண்டியானா மாநிலத்திலிருந்து 1946-இல் என்.சி. ஸ்டேட்டின் பயிற்சியாளராக வந்தார். அவர் வருவதற்கு முன்பே தொடங்கிப் பாதியில் எலும்புக்கூடாய் நின்ற ரெனால்ட்ஸ் அரங்கத்தை, ஏறத்தாழ 12,400 பேர் அமரும் அளவுக்குப் பெரிதாக்கிக் கட்டச் செய்தார். 1949-இல் அது திறந்தது. முதல் ஏ.சி.சி தொடர் 1954-இல் அங்கேதான் நடந்தது. கேஸின் அணி வேக் ஃபாரஸ்ட்டைக் கூடுதல் நேரத்தில் 82–80 என்று வென்றது. அடுத்த இரு ஆண்டுகளும் அதுவே வென்றது.

தங்கள் அரையிறுதி நடந்த கூடத்தைப் பற்றிப் படித்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது: 1954 முதல் 1966 வரை பதின்மூன்று தொடர்களும் ரெனால்ட்ஸ் அரங்கத்திலேயே, அதாவது ஓர் அணியின் சொந்த வீட்டிலேயே நடந்தன. அந்தப் பதின்மூன்றில் ஐந்தை என்.சி. ஸ்டேட் வென்றது. மற்றவர்களுக்கு அது நெடுநாள் மனக்குறை. 1967-இல்தான் தொடர் கிரீன்ஸ்பரோவுக்கு மாறியது, அதன் பிறகு சார்லட்டுக்குப் போனது. மாநில எல்லையைத் தாண்டியது 1976-இல், மேரிலாந்தின் லேண்டோவர் நகரில். அந்த ஆண்டு ஆறாம் இடத்து வர்ஜீனியா வென்றது.

இனி, மக்கள் ஏன் இதை உயிர்ப் பிரச்சினையாகக் கருதினார்கள் என்பது. தேசியத் தொடரான என்.சி.ஏ.ஏ-வுக்கு ஒரு கூட்டமைப்பிலிருந்து ஒரே ஓர் அணிதான் போக முடியும் என்று அன்று விதி இருந்தது. ஏ.சி.சி அந்த ஓர் இடத்தைத் தொடரை வென்றவருக்கே கொடுத்தது. 1957-இல் நார்த் கரோலினா ஓர் ஆட்டத்திலும் தோற்காமல் வந்து, அரையிறுதியில் வேக் ஃபாரஸ்ட்டிடம் 61–59 என்று மயிரிழையில் தப்பியது. அன்று தோற்றிருந்தால் அந்த அணி கன்சாஸை மூன்று கூடுதல் நேரங்களில் 54–53 என்று வென்று, 32–0 என்ற கணக்கோடு தேசியப் பட்டம் எடுத்த வரலாறே இருந்திராது. எல்லோருக்கும் அப்படி வாய்க்கவில்லை. 1970-இல் சவுத் கரோலினா லீக்கில் 14–0. நட்சத்திர வீரர் ஜான் ரோச் கணுக்கால் காயத்தோடு இறுதி ஆட்டம் ஆடினார்; இரண்டு கூடுதல் நேரங்களுக்குப் பிறகு என்.சி. ஸ்டேட் 42–39 என்று வென்றது. பதினான்கு வெற்றிகளும் கணக்கில் வரவில்லை. மறு ஆண்டு சவுத் கரோலினா கோப்பையை வென்றது. வென்ற கையோடு கூட்டமைப்பை விட்டே விலகிவிட்டது.

மறுமொழி 2: பீட்டர்மரிட்ஸ்பர்க் அம்மா

தம்பி லெனேசியா, நன்றாக எழுதியிருக்கிறீர்கள். இரண்டு ஆண்டுகளை மட்டும் நான் சேர்க்க விரும்புகிறேன். நான் நூலகத்தில் வேலை பார்த்த காலத்திலிருந்தே இவற்றைப் படித்துவந்தவள்.

முதலாவது 1969. ஏ.சி.சி தென் மாநிலங்களின் கூட்டமைப்பு. தொடங்கிய நாளில் அதன் அணிகள் அனைத்தும் வெள்ளையருடையவை. 1965-இல்தான் மேரிலாந்தின் பில்லி ஜோன்ஸ் முதல் கறுப்பின வீரராக ஆடினார். நார்த் கரோலினாவில் உதவித்தொகை பெற்ற முதல் கறுப்பின விளையாட்டு வீரர் சார்லி ஸ்காட். 1969 இறுதி ஆட்டத்தில் இடைவேளையின்போது டியூக் அணி முன்னிலையில் இருந்தது. அதன் பிறகு ஸ்காட் கூடையை நோக்கி எறிந்ததெல்லாம் விழுந்தது. அன்று அவர் எடுத்தது 40 புள்ளிகள், அணி 85–74 என்று வென்றது. ஆயினும் கூட்டமைப்பின் ஆண்டின் சிறந்த வீரர் விருது 1969, 1970 இரண்டிலும் ரோச்சுக்கே போனது. ரோச் சிறந்த வீரர்தான், மறுக்கவில்லை. ஆனால் "இயல்பற்ற சமூகத்தில் இயல்பான விளையாட்டு இருக்க முடியாது" என்ற முழக்கத்தைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்த வாக்குகளின் கணக்கு புரியாமல் போகாது. நிறத்தின் பேரால் எந்த மைதானத்தில் நிற்கலாம், எதில் நிற்கக்கூடாது என்று அளந்து கொடுக்கப்பட்டவர்கள் நாம்.

இரண்டாவது 1974 மார்ச் 9. நம் நாட்டுக்கு அப்போது தொலைக்காட்சியே வரவில்லை, அது 1976-இல்தான் வந்தது. ஆகவே பல ஆண்டுகள் கழித்துப் பதிவைத்தான் பார்த்தேன். நாட்டின் முதலிடத்தில் இருந்த என்.சி. ஸ்டேட்டும் நான்காம் இடத்து மேரிலாந்தும் கிரீன்ஸ்பரோவில் மோதின. டாம் பர்ல்சன் என்ற நெடிய வீரர் 38 புள்ளிகள் எடுத்தார். சில நாள் முன்புதான் கூட்டமைப்பின் ஆண்டின் சிறந்த ஐவர் பட்டியலில் அவருக்குப் பதிலாக மேரிலாந்தின் லென் எல்மோரைத் தேர்ந்திருந்தார்கள். அந்த வேகம் ஒவ்வொரு வீச்சிலும் தெரியும். கூடுதல் நேரத்தில் 103–100. மூன்று புள்ளி வீச்சு இல்லாத காலத்து எண்கள் இவை! தோற்ற மேரிலாந்து நாட்டின் தலைசிறந்த நான்கு அணிகளில் ஒன்றாக இருந்தும் தேசியத் தொடருக்குப் போக முடியவில்லை. அதன் பயிற்சியாளர் லெஃப்டி டிரைசல், வென்றவர்களின் பேருந்தில் ஏறி, அவர்களைப் பாராட்டி, தேசியப் பட்டத்தையும் வெல்லுங்கள் என்று வாழ்த்திவிட்டு இறங்கினார். அவர்களும் ஏழு ஆண்டுகள் தொடர்ந்து பட்டம் வென்றிருந்த கலிஃபோர்னியாவின் யு.சி.எல்.ஏ அணியை அரையிறுதியில் சாய்த்து அதைச் செய்து காட்டினார்கள்.

1975-இல் தேசியத் தொடர் 32 அணிகளாக விரிந்தது, ஒரு கூட்டமைப்பிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட அணிகள் போகலாம் என்றாயிற்று. அந்த ஓர் ஆட்டமே கதவைத் திறந்தது.

மறுமொழி 3: கேப்டவுன் பயிற்சியாளர்

அம்மா, கடைசி வரியில் மட்டும் ஒரு சிறு திருத்தம், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆட்டம் பெரிய காரணம்தான், ஒரே காரணம் அன்று. 1971-இல் கலிஃபோர்னியாவின் யு.எஸ்.சி அணி 24 ஆட்டங்களை வென்று இரண்டில் மட்டும் தோற்றது, இரண்டும் யு.சி.எல்.ஏ-விடம். அவர்களும் வீட்டில்தான் இருந்தார்கள். நாடெங்கும் சேர்ந்த மனக்குறைக்கு 1974 முகம் கொடுத்தது என்பதே சரி.

ஆட்டத்தின் விதிகளிலும் இந்தத் தொடருக்குப் பங்குண்டு. வீச்சுக்குக் கால வரம்பு இல்லாத நாட்களில், பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பதும் ஓர் உத்தியாக இருந்தது. 1968 அரையிறுதியில் என்.சி. ஸ்டேட் டியூக்கை வென்ற கணக்கு 12–10. முழு ஆட்டத்தின் கணக்கு அது! 1982 இறுதியிலும் நார்த் கரோலினா நிமிடக்கணக்கில் பந்தை வைத்திருந்து 47–45 என்று வர்ஜீனியாவை வென்றது. தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் சலித்துப்போனார்கள். அடுத்த பருவத்திலேயே ஏ.சி.சி வீச்சுக் கடிகாரத்தையும் மூன்று புள்ளிக் கோட்டையும் சோதனையாகக் கொண்டுவந்தது. சில ஆண்டுகளில் இரண்டும் நாடு முழுவதற்கும் விதியாயின.

ஆசிரியர் ஐயாவின் குழுவுக்குப் பயன்படக்கூடியது ஏ.சி.சி அன்று, ஐவி லீக் என்ற எட்டுப் பழைய பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. பெரிய கூட்டமைப்புகளில் லீக்கில் நன்றாக ஆடியவர்களுக்குத் தேசியத் தொடரில் எப்படியும் இடம் கிடைத்துவிடும். சிறியவற்றில் இன்றும் ஒரே கதவுதான். ஐவி லீக் மட்டும் லீக்கில் முதலிடம் பெற்றவரையே நெடுங்காலம் அனுப்பிவந்து, 2017-இல்தான் நான்கு அணிகளோடு தொடர் தொடங்கியது. அந்த முதல் ஆண்டிலேயே என்ன நடந்தது பாருங்கள்: 14–0 என்று வந்த பிரின்ஸ்டன், அரையிறுதியில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் பென் அணியோடு, பென்னின் சொந்த அரங்கமான பலெஸ்ட்ராவில் ஆட நேர்ந்தது. கூடுதல் நேரம் வரை இழுத்துத்தான் பிரின்ஸ்டன் தப்பியது. நான்கு அணிகள் என்ற வரம்பு நல்லது, ஏனெனில் பருவம் முழுவதும் தோற்றவர்கள் கடைசியில் உள்ளே வர முடியாது. இடம் மட்டும் தவறிவிட்டது.

கேட்டவரின் மறுமொழி: சாட்ஸ்வொர்த் ஆசிரியர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று மாலை குழுவில் இவற்றையெல்லாம் எடுத்துச் சொன்னேன். 1970-இன் 14–0 கதையைக் கேட்டதும் அறையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. சென்ற ஆண்டு வென்ற பள்ளியின் பயிற்சியாளரே முதலில் வாய் திறந்து, லீக் முதலிடத்துக்குத் தனிக் கோப்பை வேண்டும் என்றார். ஆகவே கோப்பைகள் இரண்டு. நாக்-அவுட்டில் முதல் நான்கு அணிகள் மட்டும். அரையிறுதியும் இறுதியும் எந்தப் பள்ளிக்கும் சொந்தமில்லாத சமூகக் கூடத்தில்.

ஒன்று மட்டும் தீராமல் நிற்கிறது. வென்றவர்கள் கூடையின் வலையை அறுத்து எடுத்துக்கொள்ளும் அந்த வழக்கத்தைப் பிள்ளைகள் இங்கேயும் கேட்கிறார்கள். அது லீக் வென்றவர்களுக்கா, நாக்-அவுட் வென்றவர்களுக்கா?

மறுமொழி 4: லெனேசியா வாசகர்

ஐயா, அதையும் அங்கே கொண்டுவந்தவர் கேஸ்தான் என்பார்கள். 1947-இல் சதர்ன் கான்ஃபரன்ஸ் தொடரை வென்றபோது, இண்டியானா பள்ளிகளின் வழக்கப்படி வலையை அறுத்தார். 1964-இன் இறுதியில் புற்றுநோயால் அவர் பருவத்தின் தொடக்கத்திலேயே பொறுப்பைவிட்டு விலக நேர்ந்தது. 1965 மார்ச்சில் அவருடைய பழைய பிள்ளைகள் டியூக்கை 91–85 என்று வென்றார்கள். லாரி வர்ஸ்லி பெஞ்சிலிருந்து எழுந்து வந்து 30 புள்ளிகள் எடுத்தார். ஆட்டம் முடிந்ததும் அவர்கள் அரங்கில் இருந்த கேஸைத் தேடிப்போய்த் தூக்கிக்கொண்டுவந்து, வலையை அவர் கையால் அறுக்க வைத்தார்கள். மறு ஆண்டு அவர் காலமானார்.

அன்று அவர் அந்த அணியின் பயிற்சியாளர்கூட இல்லை. ஆகவே யாருக்கு உரியது என்பதைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள். கூடத்துக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லி, மாற்று வலைகள் இரண்டு வாங்கி வைத்துக்கொண்டால் போதும். ஏணியும் ஒன்று வேண்டும்.