புதுப்பிப்பு: ரிமினி பக்கத்துக் கோட்டைகள்

இத்தாலியின் ரிமினி கடற்கரையில் தங்கினால் கிராதாரா கோட்டைக்குப் போகலாமா, சான் லியோவுக்கா என்று முன்பு கேட்டிருந்தேன். இரண்டையும் பார்த்தாயிற்று.

கிராதாரா அழகுதான். பாவ்லோ, பிரான்செஸ்கா காதல் கதை அங்கே நடந்ததாகச் சொல்வார்கள், கூட்டமும் அதற்கேற்ப.

என் ஓட்டு சான் லியோவுக்கே. செங்குத்துப் பாறையின் உச்சியில் கோட்டை. ரசவாதி, மாந்திரீகன் என்று பெயரெடுத்த காலியோஸ்த்ரோவை இங்கேதான் அடைத்து வைத்தார்கள். 1795இல் இங்கேயே இறந்தார். அவரை அறைக்குள் இறக்கியதே கூரைத் துளை வழியாகத்தான். கம்பி போட்ட ஒற்றைச் சன்னல், அதில் தெரிவது ஊர்த் தேவாலயங்கள். (திருச்சபையின் மத விசாரணையில் தண்டனை பெற்றவருக்கு இப்படியொரு காட்சி, யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்!)

பக்கத்துக் குட்டி நாடான சான் மரினோவுக்கும் ரிமினியிலிருந்தே பேருந்து உண்டு. அப்புறம், ரிமினி ஊருக்குள் கி.மு. 27இல் ரோமப் பேரரசர் அகஸ்டஸுக்காக எழுப்பிய அகஸ்டஸ் வளைவு இருக்கிறது. கடலுக்குப் போக முடியாத மழை நாளுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.