மறு: டிவிஷனிசம் – தமிழில் என்ன சொல்வது?

குழுவினருக்கு வணக்கம்.

நிறங்களைக் குழைக்காமல் தனித்தனித் தீற்றல்களாக வைத்துத் தீட்டும் டிவிஷனிசம் என்ற ஓவிய முறைக்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். ‘புள்ளியியம்’ என்ற சொல்லுக்கு ஆதரவு பெருகிவருவதைப் பார்க்கிறேன். எனக்கு உடன்பாடில்லை. காதில் விழும்போதே அது புள்ளியியலாகிவிடுகிறது என்பது சின்னக் குறை. பெரிய குறை வேறு: அம்முறையில் தீட்டிய ஓவியர்களே புள்ளி என்ற பெயரை விரும்பவில்லை. அவர்களில் ஒருவரான பால் சிஞ்ஞாக் 1899இல் வெளியிட்ட நூலில், நாங்கள் புள்ளி வைப்பவர்கள் அல்லர், பகுப்பவர்கள் என்று வாதாடுகிறார்.

ஓர் ஓவியத்தை எதிரில் வைத்துப் பேசுவோம். கமீய் பிஸ்ஸாரோ 1888இல் தீட்டிய, உறைபனிக் காலையில் தீ மூட்டும் குடியானவப் பெண்ணின் ஓவியம் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஏறத்தாழச் சதுரம், பக்கத்துக்கு 93 செ.மீ. ஒரு பெண் நீண்ட சுள்ளியை முறிக்க வளைக்கிறாள். அருகில் ஒரு குழந்தை. புகை காற்றில் சாய்கிறது. வயல் முழுக்கப் பனி. ஆனால் வெள்ளை எங்கே என்று தேடத்தான் வேண்டும். வெயில் விழும் இடத்தில் மஞ்சளும் வெளிர்பச்சையும் இளஞ்சிவப்பும்; குறுக்கே நீளும் நிழல்களில் நீலமும் ஊதாவும். கிட்டே போனால் தெரிவது வட்டப் புள்ளிகளும் அல்ல, ஒன்றன்மேல் ஒன்று ஏறிய சிறு தீற்றல்கள். ஆக, தீற்றலின் வடிவம் எதுவாகவும் இருக்கலாம். நிறங்களை வண்ணத்தட்டில் குழைத்து மங்கவிடாமல் தனித்தனியே வைப்பதுதான் முறை. பெயர் அதைச் சொல்ல வேண்டும்.

‘நிறப்பிரிகை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொல்தான், ஆனால் முப்பட்டகத்தில் ஒளி பிரிவதற்கு இயற்பியல் பாடநூல் அதை எப்போதோ எடுத்துக்கொண்டது. என் முன்மொழிவு: பகுநிறம். வினைத்தொகை என்பதால் பகுத்த, பகுக்கிற, பகுக்கும் என மூன்று காலமும் அடங்கும். பகுநிற ஓவியம், பகுநிற முறை, பகுநிறத்தார் என்று சொல் வளரவும் வளரும்.

அடுத்தது, கண்ணில் நிகழும் கலப்பு. ‘ஒளியியல் கலப்பு’ என்று பலர் எழுதுகிறார்கள். அது படிப்பவரை விளக்குகளின் பக்கம் திருப்பிவிடுகிறது. சிவப்பு விளக்கும் பச்சை விளக்கும் ஒரே திரையில் விழுந்தால் வெளிச்சம் கூடும். ஓவியத்தில் அப்படிக் கூடுவதில்லை. அடுத்தடுத்த தீற்றல்களின் ஒளியைக் கண் சராசரி ஆக்குகிறது, அவ்வளவுதான். அதனால்தான் மஞ்சளும் நீலமும் நெருக்கமாக வைக்கப்பட்டால் பச்சைக்குப் பதில் சாம்பல் சாயல் தலைகாட்டுகிறது. (மஞ்சள், நீலம், உடனே பச்சை என்று எழுதும் கலை அறிமுகக் கட்டுரைகளை யாராவது நிறுத்தினால் புண்ணியம்.) ‘விழிக்கலப்பு’ என்றால் வேலை எங்கே நடக்கிறது என்பது விளங்கும். எதிர்ச்சொல் ‘தட்டுக்கலப்பு’. பிஸ்ஸாரோவே 1886இல் தம் ஓவிய வணிகர் துராந்-ருயெலுக்கு எழுதியபோது, சாயக்கலப்பைவிட விழிக்கலப்பு கூடுதல் ஒளிர்வு தரும் என்றுதான் விளக்கினார். நடுத்தொலைவில் நின்று பார்த்தால் கலப்பு முழுமையடையாமல் பரப்பு சிலுசிலுக்கும்; நம் நெசவில் பாவு ஒரு நிறம், ஊடு ஒரு நிறம் என்று வரும் மயில்கழுத்துப் பட்டைப் பார்த்தவருக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை.

நெசவு என்றதும் நினைவுக்கு வருபவர் வேதியியலாளர் ஷெவ்ரேல். பாரிஸின் கோப்லான் திரைச்சீலை நெசவுச் சாலையில் சாயப் பிரிவின் தலைவர். கறுப்புச் சாயம் வெளிறித் தெரிகிறது என்ற புகாரை ஆராய்ந்தபோது, குற்றம் சாயத்தில் இல்லை, பக்கத்தில் நெய்த நிறத்தில் என்று கண்டார். அடுத்தடுத்து இருக்கும் நிறங்கள் ஒன்றன் தோற்றத்தை மற்றொன்று மாற்றும் என்று 1839இல் அதை விதியாக்கினார். நம் சொற்பட்டியலில் இதற்கு ‘ஒருங்குநிகழ் வேறுபாடு’ என்று இருக்கிறது. வாயில் நுழையாது. ‘அண்டைநிற முரண்’ போதும். பனிவயலில் மஞ்சள் வெயிலுக்குப் பக்கத்து நிழல் ஊதாவாவது இந்த முரணை ஓவியர் தெரிந்தே கூட்டிக்காட்டியதால்.

மஞ்சளும் ஊதாவும் போல எதிரெதிரான நிறங்களைக் குறிக்கும் ‘நிரப்பு நிறங்கள்’ பள்ளிப் பாடத்திலேயே நிலைத்துவிட்டது. அதைத் தொட வேண்டாம். இம்ப்ரெஷனிசத்தையும் ஒலிபெயர்ப்பாகவே விடலாம் என்பது என் கட்சி. இந்த ஓவியர்களின் இயக்கத்துக்கு 1886இல் கலை விமர்சகர் ஃபெனியோன் சூட்டிய நியோ-இம்ப்ரெஷனிசம் என்ற பெயருக்கு ‘நவ’ என்ற முன்னொட்டு போதும். ‘பின்’ கூடாது, அது செசானுக்கும் வான்கோவுக்கும் உரிய போஸ்ட்-இம்ப்ரெஷனிசத்துக்கு வேண்டும்.

பகுநிறத்துக்கு மறுப்பு உள்ளவர்கள் மாற்றுச்சொல்லோடு எழுதுங்கள்.