நீங்க கீழே ஊத்தலையே மிஸ்

தண்டையார்பேட்டை, நர்சரி ஆசிரியை:

வேலையை விடாமல் எம்.ஏ. படிக்க முடியுமா என்று ராயபுரத்திலிருந்து தங்கை ஒருவர் கேட்டிருந்தார். முடியும் தங்கச்சி. எனக்கு எப்படி முடிந்தது என்று சொல்கிறேன்.

நான் 11 வருஷமாக யு.கே.ஜி. மிஸ். பி.காம். முடித்து, ஒரு வருட மாண்டிசோரி டிப்ளமாவோடு வேலைக்கு வந்தேன். 38 வயதில் இக்னோவில், அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில், தபால் வழியில் எம்.ஏ. கல்வியியல் சேர்ந்தேன். எந்தப் பட்டம் இருந்தாலும் சேரலாம், 2 வருடப் படிப்பை 4 வருடம் வரை நீட்டிக்கொள்ளலாம் என்பதுதான் எனக்குத் தைரியம் தந்தது. "புள்ளைங்களுக்கு ஏபிசிடி சொல்லித்தர எதுக்கு எம்.ஏ.?" என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். மாமியார் மட்டும் ஒன்றும் கேட்காமல் ராத்திரிச் சமையலைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். அவர் இல்லையென்றால் முதல் அசைன்மென்ட்டோடு நின்றிருப்பேன்.

பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவள் நான். பாடப் புத்தகமோ இங்கிலீஷ். முதல் மூன்று மாதம் அழுகைதான். அப்புறம் மூர் மார்க்கெட்டில் பி.எட். மாணவர்களுக்கான பழைய தமிழ் உளவியல் புத்தகம் ஒன்று கிடைத்தது. எந்தப் பாடமானாலும் முதலில் அதில் படித்துவிட்டு இங்கிலீஷுக்குப் போனேன். ஒரு நோட்டில் சொற்களை எழுதி வைத்தேன். 'ஸ்கஃபோல்டிங்' என்றால் சாரம் கட்டுவது. சுவர் எழும்ப எழும்பச் சாரத்தைப் பிரித்துவிடுவார்கள் இல்லையா, ஆசிரியரின் உதவியும் அப்படித்தான். கொத்தனார் மகளான எனக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை.

இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. மாண்டிசோரி என்றாலே பணக்காரப் பிள்ளைகளின் பள்ளி என்று நினைத்திருந்தேன், டிப்ளமா வாங்கிய பிறகும். ஆனால் மரியா மாண்டிசோரி 1907இல் தன் முதல் 'குழந்தைகள் இல்ல'த்தைத் தொடங்கியது ரோமில் சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில். அப்பா அம்மா வேலைக்குப் போய்விட, மாடிப்படிகளில் ஓடித் திரிந்த பிள்ளைகளுக்காக. அதே அம்மையார் 1939இல் நம் அடையாறுக்கு வந்து பயிற்சி வகுப்பு நடத்தியிருக்கிறார். எங்கள் காசிமேட்டுப் பிள்ளைகளுக்கும் அந்த முறை சொந்தம்தான் என்று தோன்றியபோது நெஞ்சு நிறைந்துவிட்டது.

சரி, முக்கியமானதுக்கு வருகிறேன். குழந்தைகள் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆராய்ந்த உளவியலாளர் பியாஜேயின் தண்ணீர்ச் சோதனை. ஒரே மாதிரி இரண்டு டம்ளரில் சமமாகத் தண்ணீர். ஒன்றை மட்டும் குழந்தையின் கண் முன்னாலேயே ஒல்லியான, உயரமான பாட்டிலில் ஊற்றிவிட்டு, இப்போது எதில் அதிகம் என்று கேட்க வேண்டும். 'சமம்' என்ற பதில் பெரும்பாலும் 7 வயதுவாக்கில்தான் வரும் என்பது அவர் கணிப்பு. என் வகுப்பில் 14 பேரிடம் செய்து பார்த்தேன். புத்தகத்தில் இருக்கிற மாதிரியே ஒவ்வொருவராகப் பாட்டிலைக் காட்டினார்கள். கடைசியாக வந்த பெண் குழந்தை மட்டும் பாட்டிலையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள்.

"ரெண்டும் ஒண்ணுதான் மிஸ். நீங்க கீழே ஊத்தலையே!"

தினமும் காலையில் அம்மாவோடு அடிபம்புக்குப் போகிற பிள்ளை அவள். அவளுக்கென்று ஒரு சின்னக் குடம் உண்டு. குடத்திலிருந்து டிரம்முக்கு, டிரம்மிலிருந்து பக்கெட்டுக்கு என்று தண்ணீர் மாறுவதைப் பார்த்தே வளர்கிறவள். சிந்தினால்தான் தண்ணீர் குறையும் என்பது அவளுக்குத் தெரியும்.

அந்தக் குழந்தையின் ரிப்போர்ட் கார்டில் 'எண்கள்: முன்னேற்றம் தேவை' என்று எழுதியது நான்தான். 6, 9 இரண்டையும் திருப்பிப் போடுகிறாள் என்பதற்காக. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் மணல் தொட்டியை எடுத்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டி வைத்தேன், விதவிதமான டப்பாக்களோடு. இன்று வரை அது வகுப்பில் இருக்கிறது.

நடைமுறையில் ஒன்று மட்டும் சொல்கிறேன். அசைன்மென்ட்டுக்கு 30 சதவீதம், தேர்வுக்கு 70. அசைன்மென்ட்டைத் தள்ளிப்போடாதீர்கள். தேர்வு ஜூனிலும் டிசம்பரிலும் வரும். ஒரு டிசம்பரில் எங்கள் பள்ளி லீவு தராமல் சம்பளத்தைப் பிடித்தது. அதனால் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வியாசர்பாடி, அங்கன்வாடிப் பணியாளர்:

அக்கா சொன்ன தண்ணீர் கதையைப் படித்ததும் எழுதத் தோன்றியது. நானும் எம்.ஏ. கல்வியியல்தான், இரண்டாம் வருடம். எடை போடுவது, பதிவேடு, போஷன் டிராக்கர் என்ற அரசு செயலியில் விவரம் ஏற்றுவது எல்லாம் முடித்துவிட்டு மதியத்துக்கு மேல்தான் புத்தகம். பிள்ளைகள் சொப்பு வைத்து விளையாடும்போது என்ன பேசுகிறார்கள் என்பது என் ஆய்வு. அதற்குப் பெற்றோரின் ஒப்புதல் கடிதம் வேண்டும். ஒரு குழந்தைக்குப் பாட்டி மட்டும்தான். எழுத்துத் தெரியாது என்பதால் முழுசாகப் படித்துக் காட்டினேன்.

"பேர் போடுவியாம்மா?"

"போட மாட்டோம் பாட்டி. குழந்தையோட பாதுகாப்புக்காக."

"அப்ப என் பேத்தி சொன்னதை யாரு சொன்னதா எழுதுவே?"

'குழந்தை 7' என்று எழுதுவோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாட்டி கொஞ்ச நேரம் காகிதத்தையே பார்த்துவிட்டுக் கைநாட்டு வைத்தார். "நல்லா எழுது, அவ நல்லா பேசுவா" என்றார். நன்றியுரையில் எங்கள் பகுதியின் பெயரையாவது போடலாமா என்று வழிகாட்டியிடம் கேட்டிருக்கிறேன்.